லாரியில் பாடி கண்ட்ரோல் மாட்யூல் மாற்றுவது: கழற்றும் முன்பிருந்து கடைசிச் சோதனை வரை

இந்த வேலையில் ஸ்பேனர் பிடிக்கிற நேரம் பெரும்பாலும் ஒரு மணிக்கும் குறைவு. சில போல்ட், சில கனெக்டர், அவ்வளவுதான். ஆனாலும் காலையில் உள்ளே வந்த லாரி மறுநாளும் ஷெட்டை விட்டு நகராமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கழற்றத் தெரியாததால் அல்ல. பழைய மாட்யூலில் இருந்த தரவை எடுத்து வைக்காமல் கழற்றியிருப்பார்கள், இல்லை, அது ஏன் எரிந்தது என்று பார்க்காமல் புதியதை மாட்டியிருப்பார்கள்.

ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், கதவு லாக், கேபின் விளக்கு எல்லாம் இந்த மாட்யூல் வழியாகத்தான் நடக்கின்றன. பல வண்டிகளில் சாவியை அடையாளம் கண்டு ஸ்டார்ட் ஆக அனுமதி தருவதும் இதுதான். அதனால் லைட் எரியவில்லை என்று வந்த வண்டி, வேலை முடிந்தபின் ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. மாட்யூல்தான் கெட்டதா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

விலை கூடிய பொருளைச் சந்தேகிப்பதுதான் எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது. பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். சார்ஜ் நிறைந்த பேட்டரி 12 வோல்ட் வண்டியில் 12.6 அளவிலும், 24 வோல்ட் வண்டியில் 25.2 அளவிலும் காட்ட வேண்டும். பேட்டரி சரிந்தால் மாட்யூல் விசித்திரமாக நடக்கும்: இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஒருமுறை துடிக்கும், லாக் தானாக விழும். அதைப் பார்த்து மாட்யூலைக் கழற்றினால் வேலை வீண்.

அடுத்தது மாட்யூலுக்கு வரும் பவரும் எர்த்தும். இங்கேதான் புதியவர்கள் மல்டிமீட்டரை நம்பி ஏமாறுகிறார்கள். ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 24 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட் இழுப்பதில்லை. 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் வைத்து, கனெக்டரின் பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மாட்டிப் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போதே பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அந்த எர்த் பின்னுக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட் அளவில்தான் வர வேண்டும். அரை வோல்ட் வந்தால் மாட்யூலை மறந்துவிட்டு எர்த் போல்ட்டைத் தேடுங்கள். தண்ணீரும் சேறும் படுகிற சேஸிஸ் பக்கத்தில்தான் அது பெரும்பாலும் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது கேன் லைன், அதாவது மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயர். பேட்டரியை 5-ஆம் படியில் உள்ளபடி துண்டித்துவிட்டு, கேன் ஹை, கேன் லோ என்ற அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே ஓம் அளக்கவும். லைனின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால் மீட்டரில் 60 வரும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது அல்லது நடுவில் ஒயர் கட். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. சின்ன வண்டியின் 16 பின் பிளக்கில் 6, 14 என்ற பின்களிலும், கனரக வண்டியின் வட்டமான 9 பின் பிளக்கில் சி, டி என்ற பின்களிலும் அளக்கலாம். ஒரு எச்சரிக்கை: வண்டியில் கேட்வே (லைன்களுக்கு நடுவே நின்று தகவலைக் கடத்தும் மாட்யூல்) இருந்தால் அந்த பிளக்கில் தெரிவது ஸ்கேனருக்கான கிளை மட்டுமே. மாட்யூல் உட்கார்ந்திருக்கும் லைனை அதன் கனெக்டரிலேயே அளந்தால்தான் செல்லும்.

ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணையும் (கோடு) நிதானமாகப் படியுங்கள். யு0140 என்றால் மற்ற மாட்யூல்களுக்கு இதன் குரல் கேட்கவில்லை என்று மட்டுமே பொருள். ஃபியூஸ் போயிருந்தாலும் கேட்காது. கனரக வண்டிகள் பயன்படுத்தும் ஜே1939 முறைக் கோடுகளில், கோளாறின் வகையைச் சொல்லும் எஃப்எம்ஐ எண் 5 என்றால் ஒயர் கட் பக்கமும், 6 என்றால் கரண்ட் அதிகம் அல்லது எர்த்தில் ஷார்ட் பக்கமும் பார்க்க வேண்டும். 12 வந்தால்தான் அந்தக் கருவியின் மேலேயே சந்தேகம் திரும்புகிறது.

பவர் சரி, எர்த் சரி, கேன் சரி, ஆனாலும் மாட்யூல் பேசவில்லை. அல்லது ஸ்விட்ச் போட்டது ஸ்கேனரில் தெரிகிறது, அவுட்புட் பின்னில் வோல்ட் வரவில்லை. இந்த நிலைக்கு வந்த பிறகு புதியதை ஆர்டர் செய்யலாம்.

2. எது அதைக் கொன்றது என்று கண்டுபிடியுங்கள்

என்னிடம் வேலை கற்க வந்த பையன் ஒருவன், டெயில் லைட் அவுட்புட் போன மாட்யூலை முறையாக மாற்றினான். வண்டி ஷெட்டிலிருந்து நன்றாகத்தான் கிளம்பியது. மாலையில் ட்ரெய்லரை மாட்டி லைட் போட்டதும் அதே அவுட்புட் மறுபடியும் செத்தது. ட்ரெய்லர் சாக்கெட்டைத் திறந்தால் உள்ளே பச்சைப் பாசி போல செம்புத் துரு, இரண்டு பின்களுக்கு நடுவே பாலம் கட்டியிருந்தது. ட்ரெய்லர் இல்லாமல் சோதித்ததால் அவன் கண்ணில் படவில்லை. அன்றைக்கு நானும் கேட்கவில்லை, அது என் தவறு.

அதனால் எந்த அவுட்புட் போயிருக்கிறதோ அந்த ஒயரை மாட்யூல் முனையிலிருந்து கடைசி பல்பு வரை பாருங்கள். கதவு கீல், கேபின் சாய்கிற இடம், சேஸிஸ் கிளாம்ப் ஆகிய மூன்றிலும் ஒயர் தேயும். கேபின் சாய்கிற வண்டி என்றால் அதைச் சாய்த்த நிலையிலும் இறக்கிய நிலையிலும் இரண்டு முறை அளக்கவும்.

அப்புறம் தண்ணீர். கண்ணாடி ரப்பர் கசிந்து, ஒயர் கட்டு வழியாகவே சொட்டு இறங்கி மாட்யூலுக்குள் போகும். கனெக்டரில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி இருந்தால் கசிவை அடைக்கும்வரை புதியதைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள்.

வண்டிக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கூடுதல் லைட் அல்லது ஹாரன் மாட்டினீர்களா, ஜம்ப் ஸ்டார்ட் செய்தீர்களா, சேஸிஸில் வெல்டிங் நடந்ததா? மாட்யூல் அவுட்புட்டிலிருந்து கிளை எடுத்துக் கூடுதல் லைட் கொடுத்திருந்தால் அதைப் பிரித்து ரிலே வழியாக மாற்றுங்கள். எல்இடி பல்புக்கு மாறியிருந்தால் அது வேறு கதை. எல்இடி இழுக்கும் கரண்ட் குறைவாக இருப்பதால் பல்பு போய்விட்டது என்று மாட்யூல் நினைத்துக்கொள்ளும், இண்டிகேட்டர் வேகமாகத் துடிக்கும். அதற்கு மாட்யூலின் செட்டிங்கை மாற்றினால் போதும், மாட்யூலையே அல்ல.

இன்னொன்று. சில மாட்யூல்கள் ஒரே அவுட்புட்டில் பலமுறை ஷார்ட் கண்டால் அதைத் தாமாகவே பூட்டிவிடும். ஷார்ட்டைச் சரிசெய்து, ஸ்கேனரில் அந்தப் பூட்டை எடுத்தால் பழைய மாட்யூலே வேலை செய்யும். மாற்றும் முன் இதையும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

மாட்யூலின் லேபிளில் உள்ள பார்ட் நம்பரை எழுத்து விடாமல் பொருத்திப் பாருங்கள். கடைசி எழுத்து மாறினால் உள்ளே ஹார்டுவேர் மாறியிருக்கலாம். கூடு ஒன்றாக இருக்கும், கனெக்டர் பொருந்தும், ஆனால் ஒரு அவுட்புட் இருக்காது. மாற்று நம்பர் உண்டு என்று விற்பவர் சொன்னால், அதை வண்டியின் சேஸிஸ் நம்பர் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பழைய வண்டியிலிருந்து கழற்றியதை நான் பொதுவாக வாங்குவதில்லை. அதில் வேறொரு சேஸிஸ் நம்பரும் வேறு சாவிகளும் பதிந்திருக்கும், பல வகைகளில் அதை அழிக்க வழி கிடையாது. புதியதையும் "ஓடுகிறதா பார்க்கலாம்" என்று வேறு வண்டியில் மாட்டிப் பார்க்கக் கூடாது. முதல் இக்னிஷனிலேயே அந்த வண்டியின் நம்பரைப் பிடித்துக்கொள்ளும் மாட்யூல்கள் உண்டு.

இதுபோக: அந்த வண்டிக்கான வயரிங் படம், கோடு படிப்பதோடு புரோகிராமும் செய்யக்கூடிய ஸ்கேனர், லேப்டாப்பின் சார்ஜர், நிலையான இணையம், புரோகிராமிங்குக்கு ஏற்ற சீரான பவர் சப்ளை, வண்டியின் எல்லாச் சாவிகளும். வீட்டில் இருக்கும் சாவியும் வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சில வண்டிகளில் சாவி கற்பிக்கும்போது பழைய பதிவு முழுக்க அழியும், கையில் இல்லாத சாவி அன்றோடு செத்துவிடும். வேறு சில வண்டிகள் இரண்டு சாவி கற்பித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்.

4. பழைய மாட்யூலைப் படித்துச் சேமியுங்கள்

இந்தப் படியைச் செய்யாமல் விட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்திருக்கிறார்கள். சேஸிஸ் நம்பர், மென்பொருள் நம்பர், அமைப்புத் தரவு, எல்லா மாட்யூல்களின் கோடுகள் ஆகியவற்றை ஸ்கேனரில் எடுத்து ஃபைலாகச் சேமியுங்கள். அமைப்புத் தரவில் லைட் எந்த வகை, ட்ரெய்லர் உண்டா, கதவு லாக் எப்படி என்பதெல்லாம் இருக்கும். சில வண்டிகளில் டயர் அளவும் அங்கேதான். ஓடிய கிலோமீட்டரின் நகல் இந்த மாட்யூலில் இருக்கும் வண்டிகளும் உண்டு என்பதால் மீட்டரை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஸ்கேனரில் மாட்யூல் மாற்றம் என்று தனி மெனு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பழையதைப் படித்துவிட்டு, மாற்றச் சொல்லி நின்று, பிறகு புதியதில் எழுதும். நடுவில் அந்தத் திரையை மூடிவிடாதீர்கள்.

பழையது பேசவே மறுத்தால்? ஒருமுறையாவது பேசவைக்கப் பாருங்கள். ஈரத்தால் செத்ததுபோல இருந்தது உலர்ந்தபின் சிறிது நேரம் விழித்துக்கொள்வதுண்டு. அந்தச் சிறிது நேரம் போதும். அதுவும் முடியாவிட்டால் சேஸிஸ் நம்பரை வைத்துத் தயாரிப்பாளர் சர்வரிலிருந்து தொழிற்சாலைத் தரவை இறக்கலாம். ஆனால் அதில் இருப்பது வண்டி பிறந்த நாளின் நிலவரம். அதற்குப் பிறகு யாராவது டயர் அளவு மாற்றியிருந்தால், பாடி கட்டுபவர் கூடுதல் ஸ்விட்ச் சேர்த்திருந்தால், அது அங்கே இருக்காது. உரிமையாளரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

5. மின்சாரத்தைத் துண்டிப்பது

இக்னிஷனை அணைத்துச் சாவியை எடுத்துத் தள்ளி வையுங்கள். உடனே டெர்மினலில் கை வைக்காதீர்கள். புகையைச் சுத்தப்படுத்த யூரியா கரைசல் பயன்படுத்தும் டீசல் வண்டியில் என்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடி, குழாயில் உள்ள யூரியாவை டேங்குக்கு இழுக்கும். பாதியில் கரண்ட்டை நிறுத்தினால் மிச்சம் குழாயிலேயே உப்பாக உறையும், நீங்கள் உருவாக்கிய புதுக் கோளாறு அது. எவ்வளவு நேரம் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். சில வண்டிகளில் பேட்டரி ஸ்விட்ச் பக்கத்திலேயே இதற்கு விளக்கு இருக்கிறது, அது அணையும்வரை காத்திருக்க வேண்டும்.

நெகட்டிவ் முதலில். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் முழு ஷார்ட். நெகட்டிவ் போயிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு பேட்டரி தொடராக உள்ள 24 வோல்ட் வண்டியில், சேஸிஸுக்குப் போகும் நெகட்டிவைத்தான் கழற்ற வேண்டும், இரண்டையும் இணைக்கும் நடுக் கேபிளை அல்ல. மெயின் ஸ்விட்சை அணைத்தால் போதும் என்பதும் தவறு. அந்த ஸ்விட்சைத் தாண்டிப் பேட்டரியிலிருந்து நேராகப் பவர் எடுக்கும் கருவிகள் பல வண்டிகளில் இருக்கின்றன.

ஏர்பேக் உள்ள வண்டியில் கையேடு சொல்லும் நேரம் கடந்த பிறகே டேஷ்போர்டைத் தொடுங்கள்.

6. கழற்றுவது

மாட்யூல் டேஷ்போர்டின் கீழோ, ஃபியூஸ் பெட்டியோடு சேர்ந்தோ இருக்கும். மூடியைக் கழற்றியதும் முதல் வேலை போட்டோ. ஒரே நிறத்தில் இரண்டு கனெக்டர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் டேப் ஒட்டி எண் போடுங்கள். வண்டி உடம்பின் வெறும் இரும்பைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பெரிய கனெக்டர்களில் நெம்புகோல் பூட்டு இருக்கும். சின்ன நாக்கை அழுத்திக்கொண்டே நெம்புகோலை முழுக்கத் திருப்பினால் கனெக்டர் தானாகவே எழும்பி வரும். வரவில்லை என்று ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினால் நாக்கு உடையும், உடைந்த கனெக்டர் குலுக்கலில் லூஸ் ஆகும். ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது.

கனெக்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வரிசையில் ஒரு பின் மட்டும் உள்ளே தள்ளியிருக்கிறதா, ஒரு துளை மட்டும் மற்றதைவிட அகலமாக வாய் திறந்திருக்கிறதா? முன்னால் பார்த்தவர் மீட்டரின் தடித்த முனையைக் குத்திய அடையாளம் அது. அந்த டெர்மினல் இனி பின்னை இறுக்கிப் பிடிக்காது. புதிய மாட்யூல் மாட்டினாலும் பள்ளத்தில் விழும்போதெல்லாம் லைட் அணையும். அதே அளவுள்ள உதிரி பின்னைச் செருகி இழுத்துப் பாருங்கள், லேசான பிடிப்பு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்த டெர்மினலை மாற்றுங்கள். ஒயரின் தோலைக் குத்தி அளப்பதும் இதே ரகம்: இன்று அளவு கிடைக்கும், அந்தத் துளை வழியாக நாளை துரு ஏறும்.

7. புதியதை மாட்டுவது

துரு இருந்த கனெக்டரைக் காண்டாக்ட் கிளீனரில் கழுவி முழுக்க உலரவிடுங்கள். கிரீஸ் போட்டு நிரப்பாதீர்கள், தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் மட்டும் மெல்லிய பூச்சு.

மாட்யூலின் கூடு வழியாக எர்த் எடுக்கும் வகை என்றால் அது உட்காரும் இடத்தின் பெயிண்ட் பொடியையும் துருவையும் துடைத்து, போல்ட்டைக் கையேடு சொன்ன இறுக்க அளவில் (டார்க்) இறுக்குங்கள். பிறகு கனெக்டர்கள். ஒவ்வொன்றும் சத்தத்தோடு பூட்ட வேண்டும். ஒயர் கட்டு மாட்யூலுக்குக் கீழே வளைந்து பிறகு மேலேறி நுழையும்படி விடுங்கள், கசிவு வந்தாலும் சொட்டு அந்த வளைவிலேயே கீழே விழும்.

டேஷ்போர்டை இப்போதே மூடாதீர்கள். எல்லாம் முடிந்தபின் மூடலாம்.

8. புரோகிராம் செய்வது

பேட்டரியில் பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசி. உடனே சீரான பவர் சப்ளையை இணையுங்கள். சாதாரண சார்ஜர் போதாதா என்று கேட்பார்கள். சாதாரண சார்ஜரின் கரண்ட் அலையடிக்கும், எழுதும் நேரத்தில் அந்த அலை மாட்யூலைக் குழப்பலாம்.

ஹெட்லைட், ஏசி புளோயர், ரேடியோ எல்லாவற்றையும் அணையுங்கள். ஆட்டோ ஹெட்லைட் இருந்தால் அதையும் ஆஃப் நிலைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் இருட்டான ஷெட்டில் நடுவில் தானாக எரிந்து வோல்ட்டைக் கீழே இழுக்கும். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும், தூங்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். வயர்லெஸ்ஸைவிடக் கேபிள் நல்லது. திரையில் எழுதும் பட்டை ஓடும்போது யாரும் வண்டிக் கதவைத் திறக்க வேண்டாம்.

மென்பொருள் முதலில், பிறகு சேஸிஸ் நம்பரும் அமைப்புத் தரவும், பிறகு சாவி. மென்பொருள் எழுதும்போது அமைப்பு அழிந்துபோகலாம் என்பதால்தான் இந்த வரிசை. தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

நடுவில் நின்றுவிட்டால் பதறி இக்னிஷனை அணைக்காதீர்கள். கேபிளையும் வோல்ட்டையும் பார்த்துவிட்டு ஸ்கேனர் சொல்லும்படி மறுபடி முயலுங்கள். மாட்யூலின் ஆரம்ப நிரல் தனியாக இருப்பதால் பெரும்பாலும் மீட்டெடுக்க முடியும்.

9. சாவியும் மற்றவையும் கற்பித்தல்

சாவி கற்பிக்கும்போது சில வண்டிகள் பத்து நிமிடம் சும்மா காத்திருக்க வைக்கும். அது கோளாறு அல்ல, திருட்டைத் தடுக்க வைத்த தாமதம். பொறுமை இழந்து இக்னிஷனைத் திருப்பினால் மறுபடி முதலிலிருந்து. முடிந்ததும் ஒவ்வொரு சாவியாலும் தனித்தனியே ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

கதவுக் கண்ணாடியின் மேல், கீழ் எல்லைகள், ரிமோட், டயர் பிரஷர் சென்சார் ஆகியவை இருந்தால் கையேட்டின்படி கற்பிக்கவும். பிறகு எல்லா மாட்யூல்களின் கோடுகளையும் அழித்து, இக்னிஷனை அணைத்துப் போட்டு மறுபடி படியுங்கள். புதிதாகத் திரும்பி வருவது மட்டுமே உண்மையான கோளாறு.

10. சோதனை

ட்ரெய்லரை மாட்டி, லைட்டுகளை ஒவ்வொன்றாக. பிரேக், ரிவர்ஸ், இரு பக்க இண்டிகேட்டர், ஹசார்டு, எல்லாம் ஒன்றாகவும். வைப்பர் எல்லா வேகத்திலும் ஓடி, நிறுத்தினால் சரியான இடத்தில் வந்து படுக்கிறதா? ஹாரன், லாக், பாடி கட்டுபவர் சேர்த்த ஸ்விட்சுகள். ஒயர் கட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே ஒருமுறை.

கடைசியாக வண்டி தூங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மாட்யூல் தூங்காவிட்டால் இரவில் பேட்டரி இறங்கும். கதவைத் திறந்து வைத்து வேலை செய்வதாக இருந்தால் கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள், கதவு சாத்தியதாக மாட்யூல் நம்பிக்கொள்ளும். (கதவைச் சாத்தும் முன் கொக்கியைத் திறந்துவிடுங்கள். மறந்து சாத்தி பெயிண்ட் போனவர் பட்டியலில் நானும் உண்டு.) நெகட்டிவ் கேபிளில் கிளாம்ப் மீட்டரைப் போட்டு அரை மணி, முக்கால் மணி காத்திருங்கள். சின்ன 12 வோல்ட் லாரியில் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்க வேண்டும். டேகோகிராஃப் (ஓட்டிய நேரமும் வேகமும் பதியும் கருவி), ட்ராக்கிங் கருவி உள்ள கனரக வண்டிக்குத் தயாரிப்பாளரின் அளவைப் பாருங்கள். மீட்டரைத் தொடராக இணைத்து அளப்பவர்கள் அந்த நேரத்தில் இக்னிஷனைப் போடக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

டேஷ்போர்டை மூடி, இரவு நிற்க விட்டு, காலையில் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனால் வண்டியைக் கொடுங்கள். பழைய மாட்யூலில் சேஸிஸ் நம்பரை எழுதி ஒட்டி, ஒரு மாதமாவது அலமாரியில் வைத்திருங்கள்.